இடிமேகம் எதிரே வரும்போது விமானியும் கட்டுப்பாட்டாளரும் என்ன பேசிக்கொள்கிறார்கள்?

புயலிலோ மூடுபனியிலோ ஒரு விமானம் சிக்கியது என்று செய்தி வந்தால் போதும், இரண்டு பேச்சு உடனே கிளம்பிவிடும். "கட்டுப்பாட்டு அறை ஏன் எச்சரிக்கவில்லை?" என்பது ஒன்று. "அனுமதி கேட்டும் கொடுக்கவில்லையாம்" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: தரையில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும், அவர் சொல்கிறார், விமானி அதன்படி ஓட்டுகிறார் என்ற எண்ணம்.

நடப்பது வேறு. வானிலையைப் பொறுத்தவரை இருவரிடமும் ஆளுக்குப் பாதிப் படம்தான் இருக்கிறது. அந்தப் பாதிகளைச் சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு இருக்கும் முக்கியமான கருவி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசக்கூடிய ரேடியோ. வானிலை கெடக் கெட அந்த ரேடியோவில் நெரிசலும் கூடும்.

ஆளுக்குப் பாதிப் படம்

குறுகலான சந்தில் லாரியைப் பின்னால் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஓட்டுநரிடம். பின்சுவர் அவர் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் நிற்பவருக்குச் சுவர் தெரியும், ஆனால் வண்டியை அவரால் நிறுத்த முடியாது. "வா, வா... நிறுத்து" என்ற குரல் மட்டும்தான் இருவரையும் இணைக்கிறது. அது ஒரு நொடி பிந்தினாலும் வண்டி சுவரில் இடிக்கும்.

விமானத்திலும் ஏறக்குறைய இதே நிலைமைதான், ஒரு வித்தியாசத்தோடு. எதிரே நிற்கும் மேகம் என்ற சுவரை விமானி பார்க்கிறார். அக்கம்பக்கத்தில் போகிற மற்ற வண்டிகளைத் தரையில் இருப்பவர் பார்க்கிறார்.

தரையில் இருப்பவர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைப்பதுதான் அவருடைய முதல் வேலை. ரேடார் வசதி உள்ள நெடும்பாதைகளில் பொதுவாக 5 கடல் மைல், விமான நிலையத்தை நெருங்கும்போது 3 கடல் மைல் இடைவெளி வைப்பார். அந்த இடைவெளி இல்லாவிட்டால் உயரத்திலாவது 1,000 அடி வித்தியாசம் இருக்க வேண்டும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

அவர் திரையில் தெரியும் புள்ளிகள் பெரும்பாலும் டிரான்ஸ்பாண்டரிலிருந்து வருபவை. விமானத்தின் அடையாள எண்ணையும் உயரத்தையும் தரைக்கு அனுப்பும் கருவிக்குத்தான் அந்தப் பெயர். மழை அப்படி எந்தத் தகவலையும் அனுப்புவதில்லை. விமானத்தைக் கண்டுபிடிக்கவே உருவான ரேடாருக்கு மழையின் எதிரொலி ஒரு தொந்தரவு. அதை வடிகட்டிக் களைவதற்கென்றே ஏற்பாடுகள் உண்டு. பல மையங்களில் வானிலை ரேடாரின் படத்தைத் திரையில் சேர்த்துக் காட்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் படம் தயாராகிவரச் சில நிமிடங்கள் ஆகும். வளரும் இடிமேகம் அதற்குள் உருமாறிவிடும். மழை எவ்வளவு கனமானது என்பதை அது சொல்லும். உள்ளே விமானம் எப்படித் தூக்கிப் போடப்படும் என்பதைச் சொல்லாது.

விமானியிடம் வேறொரு கண் இருக்கிறது. விமானத்தின் மூக்குக்குள் இருக்கும் ரேடார், சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையை முன்னே அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்புவதை அளக்கிறது. லேசான மழை பச்சை, மிதமானது மஞ்சள், கனத்தது சிவப்பு. இந்தக் கண்ணுக்கும் குறைகள் உண்டு. கனமழை அலையை விழுங்கிவிடும். சிவப்புக்குப் பின்னால் திரை கறுப்பாக இருந்தால் அங்கே வானம் தெளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அலை அதுவரை போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். இன்னொன்று, ரேடார் நீரைத்தான் நன்றாகக் காணும். மேகத்தின் உச்சியில் இருக்கும் காய்ந்த பனிக்கட்டியும் உலர்ந்த ஆலங்கட்டியும் மங்கலாகவே தெரியும். ரேடாரின் சாய்வு 1 பாகை மாறினாலே, 80 கடல் மைல் தொலைவில் கதிரின் மையம் சுமார் 8,000 அடி நகர்ந்துவிடும். சாய்வு கொஞ்சம் ஏறிவிட்டால், கதிர் மேகத்தின் ஈரமான வயிற்றைத் தவறவிட்டு உலர்ந்த தலையைத் தொடும். ஆபத்தான மேகம் திரையில் சாதுவான பச்சையாக நிற்கும்.

1977 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சதர்ன் ஏர்வேஸ் 242 என்ற விமானம் இப்படியொரு மேகத்துக்குள் நுழைந்தது. மழைநீரையும் ஆலங்கட்டியையும் விழுங்கி இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 72 பேர் இறந்தார்கள். விசாரணை இரண்டு பக்கத்துக் குறையையும் பதிவு செய்தது: மேகக் கூட்டத்தைக் கடக்கக் கேப்டன் தன் ரேடாரையே நம்பினார், ஆபத்தான வானிலைத் தகவலை உடனுக்குடன் விமானிக்குக் கொண்டுசேர்க்கும் வழி அன்றைய கட்டுப்பாட்டு முறையில் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: போக்குவரத்து முழுவதும் கட்டுப்பாட்டாளருக்குத் தெரியும், மேகம் அரைகுறையாகத் தெரியும். எதிரே உள்ள மேகம் விமானிக்குத் தெரியும், போக்குவரத்து அரைகுறையாகத் தெரியும். மேகத்துக்குள் போவதா விலகுவதா என்று முடிவெடுப்பவர் விமானி. விலகினால் யார் மீதும் மோதாமல் இருக்க இடம் செய்து தருபவர் கட்டுப்பாட்டாளர்.

ஒரு வண்டி மட்டும் போகும் பாலம்

வான்வெளியைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் செக்டார் என்று பெயர். ஒரு செக்டாரில் இருக்கும் எல்லா விமானங்களும் ஒரே அலைவரிசையில் பேசும். அது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இருக்கும். பொத்தானை அழுத்திக்கொண்டுதான் பேச வேண்டும். அழுத்தியிருக்கும் வரை அடுத்தவர் பேச்சு காதில் விழாது. தொலைபேசியில் ஒருவர் பேசும்போதே இன்னொருவர் "சரி, சரி" என்று இடையில் சொல்ல முடிகிறதே, அது இங்கே நடக்காது.

ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலம் போன்றது இது. இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஏறினால் இரண்டுமே கடக்க முடியாது. ரேடியோவில் அப்படி நடந்தால், கேட்பவர் காதில் கீச்சென்ற ஒரு சத்தம் மட்டும் விழும். பேசிய இருவருமே தங்கள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் 583 பேர் இறந்த விபத்தில் நடந்தது இதுதான். மூடுபனி, ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஓடுபாதை தெரியவில்லை, தரைப் போக்குவரத்தைக் காட்டும் ரேடாரும் கிடையாது. ஒன்று கேஎல்எம் நிறுவனத்தினுடையது, மற்றது பான் ஆம் நிறுவனத்தினுடையது. கேஎல்எம் விமானம் புறப்பட ஓடத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்று சொல்லி, சற்று நிறுத்தி, "டேக் ஆஃப் செய்யக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானி "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பேசினார். கேஎல்எம் விமானிகளுக்கு "ஓகே" மட்டும் தெளிவாகக் கேட்டது. மீதி கீச்சொலியில் கரைந்துபோனது. அதற்குப் பிறகு "டேக் ஆஃப்" என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது, மற்ற இடங்களில் "டிபார்ச்சர்" என்பது என்று வழக்கம் மாறியது.

நெரிசலுக்கு ஒரு சின்னக் கணக்கு. கேள்வி, பதில், அதைத் திருப்பிச் சொல்வது எல்லாம் சேர்த்து 10 நொடி என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 6 உரையாடல்தான் முடியும். நல்ல நாளில் அது போதும். இடிமேக வரிசை ஒன்று குறுக்கே நின்றால், செக்டாரில் இருக்கும் 15 விமானங்களும் அதே சில நிமிடங்களில் விலக அனுமதி கேட்கும். ஒருவர் இரண்டு முறை கேட்க நேர்ந்தால் வரிசை இன்னும் நீளும்.

கடலின் மேல் நிலைமை வேறு. இந்த அலைவரிசை நேர்க்கோட்டில்தான் போகும்; 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் தரைநிலையத்திலிருந்து சுமார் 230 கடல் மைலுக்கு மேல் எட்டாது. அதற்கப்பால் நெடுந்தூரம் செல்லும் சிற்றலை ரேடியோவையோ, செயற்கைக்கோள் வழியாக எழுத்தில் செய்தி அனுப்பும் வசதியையோ பயன்படுத்துகிறார்கள். சிற்றலையில் மின்னலின் இரைச்சல் பலமாகக் கேட்கும். எழுத்துச் செய்தியில் இரைச்சல் இல்லை, ஆனால் ஒரு இழப்பு உண்டு: ஒருவர் பேசுவதை மற்ற விமானிகளும் கேட்டுக்கொண்டிருக்கும் வசதி அதில் கிடையாது. "முன்னால் போனவர் இடதுபுறம் விலகினார், நன்றாகக் குலுங்கியது என்றும் சொன்னார்" என்பது ரேடியோவில் கேட்காமலே கிடைக்கும் தகவல்.

ஒரு கோரிக்கையை அருகில் நின்று பார்ப்போம்

நிமிடத்துக்கு 8 கடல் மைல் வேகத்தில் போகும் விமானத்தின் திரையில், 60 மைலுக்கு முன்னால் சிவப்பு தெரிகிறது. கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைலாவது தள்ளிப் போக வேண்டும் என்பது விமானிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை. ஆக, மீதி 40 மைல், அதாவது 5 நிமிடம். அதற்குள் திரும்பியாக வேண்டும்.

விமானி சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ரிக்வெஸ்ட் டீவியேட் ட்வென்ட்டி மைல்ஸ் ரைட் ஆஃப் டிராக் டியூ வெதர்." வானிலை காரணமாகப் பாதையிலிருந்து வலப்புறம் 20 மைல் விலக அனுமதி வேண்டும் என்று பொருள். இந்த ஒரு வரியில் மூன்று தகவல்: எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எதற்காக. "மேகம் இருக்கிறது, கொஞ்சம் விலகலாமா?" என்று கேட்டால் கட்டுப்பாட்டாளர் திரும்ப இரண்டு கேள்வி கேட்க வேண்டிவரும். பாலத்தில் இரண்டு வண்டி கூடிவிடும்.

கோரிக்கை வந்ததும் கட்டுப்பாட்டாளர் அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறார். 20 மைல் விலகல் செக்டார் எல்லையைத் தாண்டினால் பக்கத்துக் கட்டுப்பாட்டாளரோடு பேசி ஒப்புதல் வாங்க வேண்டும். ராணுவ வான்வெளி இருந்தால் அவர்களிடமும் கேட்க வேண்டும். இதற்கிடையே "ஸ்டாண்ட்பை" என்று ஒரு சொல் வரும். அதற்குப் பொருள் "காத்திருங்கள்" என்பது மட்டுமே. அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

அனுமதி கொடுத்தால், மேகத்தைத் தாண்டியதும் தெரிவிக்க வேண்டும் என்பதையும், முடிந்தபோது எந்த இடத்துக்கு நேராகத் திரும்ப வேண்டும் என்பதையும் கட்டுப்பாட்டாளர் சேர்த்துச் சொல்வார். கொடுக்க முடியாவிட்டால் "அனேபிள், டிராஃபிக்" என்பார்: இப்போது இயலாது, அங்கே விமானம் இருக்கிறது. செய்திகளில் "அனுமதி மறுப்பு" என்று வருவது பெரும்பாலும் இதுதான். பேச்சு அங்கே முடிவதில்லை. இன்னொரு பக்கமோ, வேறு உயரமோ, இரண்டு நிமிடம் கழித்தோ என்று மாற்று வழி பேசப்படும்.

மாற்று வழியும் இல்லை, மேகமும் நெருங்கிவிட்டது என்றால், "வெதர் டீவியேஷன் ரிக்வயர்டு" (வானிலையால் விலகியே ஆக வேண்டும்) என்று விமானி சொல்லலாம். சர்வதேச நடைமுறையில் இந்தச் சொற்றொடருக்கு அலைவரிசையில் முன்னுரிமை உண்டு. அதுவும் போதாவிட்டால் "பான் பான்" என்று மூன்று முறை சொல்வது அவசரத்தையும், "மேடே" என்று மூன்று முறை சொல்வது உயிராபத்தையும் குறிக்கும். விமானத்தின் பாதுகாப்புக்குத் தேவையென்றால் விதியை மீறித் திரும்பும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு. கடலின் மேல் அனுமதி வந்து சேராமலே விலக நேர்ந்தால் என்ன செய்வது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்: பாதையிலிருந்து சுமார் 5 கடல் மைல் விலகியதும், போகும் திசையையும் விலகும் பக்கத்தையும் பொறுத்து 300 அடி ஏறவோ இறங்கவோ வேண்டும். பக்கத்துப் பாதையில் அதே உயரத்தில் ஒருவர் வந்தாலும் மோதல் நேராது.

சொல்லுக்கு ஒரே பொருள்

அன்றாடப் பேச்சில் "சரி" என்ற சொல்லுக்கு எத்தனையோ பொருள். கேட்டது, புரிந்தது, செய்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ரேடியோவில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல். "ரோஜர்" என்றால் நீங்கள் பேசியது முழுவதும் காதில் விழுந்தது, அவ்வளவுதான். "வில்கோ" என்றால் புரிந்தது, செய்கிறேன். "அஃபர்ம்" என்றால் ஆம். உயரம், திசை, ஓடுபாதை எண், காற்றழுத்த எண் போன்றவற்றுக்கு "ரோஜர்" போதாது. எண்களை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கு ரீட்பேக் என்று பெயர். அது சரியா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

காற்றழுத்த எண் ஏன் இவ்வளவு முக்கியம்? விமானத்தின் உயரமானி உண்மையில் காற்றழுத்தத்தை அளந்து, அதை அடியாக மாற்றிக் காட்டுகிறது. அந்த இடத்தின் கடல்மட்ட அழுத்தத்தை விமானி அதில் பதிய வேண்டும். அலகு ஹெக்டோபாஸ்கல். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் சுமார் 28 அடி பிசகும்.

2022 மே 23 அன்று பாரிஸின் சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்தில், மழையும் மேகமும் சூழ்ந்த நேரம். சரியான எண் 1001. கட்டுப்பாட்டாளர் வாய்தவறி 1011 என்றார். விமானி 1011 என்றே திருப்பிச் சொன்னார். ஒரு இலக்கம் மாறியதில் விமானம் உண்மையில் சுமார் 280 அடி தாழ்வாக வந்துகொண்டிருந்தது. ஓடுபாதை தொடங்க இன்னும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, தரைக்கும் விமானத்துக்கும் இடையே 6 அடிதான் இருந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாததால் விமானிகள் மறுபடி மேலெழும்ப முடிவு செய்திருந்தார்கள், அதனால் தப்பித்தார்கள். சொல்பவரே தவறாகச் சொன்னால் ரீட்பேக் காப்பாற்றாது. விமான நிலையத்தின் பதிவு ஒலிபரப்பில் வந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

தரையிறங்க அனுமதி என்றால் வானிலை நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை

இது பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். "கிளியர்டு டு லேண்ட்" என்று கோபுரம் சொன்னால், ஓடுபாதை உங்களுக்காகக் காலியாக இருக்கிறது என்று பொருள். இந்தக் காற்றில், இந்த மழையில் இறங்கலாமா என்பது விமானியின் முடிவு. கோபுரம் அதற்கான எண்களைக் கொடுக்கும்: காற்றின் திசை, வேகம், ஓடுபாதையில் எத்தனை மீட்டர் வரை தெரிகிறது என்பது. கருவிகளின் வழிகாட்டலில் இறங்கும் சாதாரண முறைக்கு இந்தப் பார்வைத் தூரம் 550 மீட்டராவது வேண்டும்.

கருவிகளைவிட மதிப்பான தகவல் பல நேரம் முன்னால் இறங்கியவரிடமிருந்துதான் வருகிறது. "காற்று மோசம்" என்றால் பயனில்லை. "500 அடியில் வேகம் 20 நாட் குறைந்தது" என்றால் அடுத்தவர் கணக்குப் போட முடியும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). காற்றின் வேகமோ திசையோ சிறிது தூரத்துக்குள் சட்டென்று மாறுவதை விண்ட் ஷியர் என்கிறார்கள். 1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸ் விமான நிலையத்தில் டெல்டா 191 விமானத்தை இடிமேகத்தின் கீழ்நோக்கிய காற்று அப்படித்தான் தரையில் தள்ளியது. அதன் பிறகுதான் விமானத்திலும் தரையிலும் விண்ட் ஷியரைக் கண்டறியும் கருவிகள் வேகமாகப் பரவின.

இந்தப் பகுதியில் மனத்தில் வைக்க வேண்டியது: கோபுரம் எண்களைக் கொடுக்கிறது, முன்னால் போனவர் அனுபவத்தைக் கொடுக்கிறார், இறங்குவதா வேண்டாமா என்பதை விமானி தீர்மானிக்கிறார்.

காத்திருப்பும் எரிபொருளும்

வானிலை கெட்டால் விமான நிலையம் ஏற்கும் விமானங்களின் எண்ணிக்கை குறையும். மீதிப் பேர் வானத்தில் வட்டமிட்டுக் காத்திருப்பார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் எரிபொருள் கரையும். எவ்வளவு மிச்சம் என்பது விமானிக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்லாமல் கட்டுப்பாட்டாளரின் திரையில் அது தெரியாது.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா 52 விமானம் மூன்று இடங்களில் மொத்தம் 77 நிமிடம் காத்திருந்தது. விமானி "முன்னுரிமை வேண்டும்" என்றார். இன்னும் சுமார் 5 நிமிடம்தான் காத்திருக்க முடியும் என்றார். மாற்று நிலையமான பாஸ்டனுக்குப் போக இனி இயலாது என்றார். அடுத்த கட்டுப்பாட்டாளரிடம் விமானத்தை ஒப்படைக்கும்போது இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலெழும்பியபோது, "அவசரநிலை என்று சொல்" என்றார் கேப்டன். துணை விமானி ரேடியோவில் சொன்னதோ "எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது" என்று. அவசரநிலை என்ற சொல் கடைசிவரை ரேடியோவில் ஒலிக்கவில்லை. எரிபொருள் தீர்ந்து, லாங் ஐலண்டில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

கட்டுப்பாட்டாளரின் காதில் அன்று விழுந்ததை யோசித்துப் பாருங்கள். அந்த மாலை முழுவதும் பல விமானங்கள் தாமதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. "முன்னுரிமை" என்ற சொல்லுக்கு நடைமுறையில் வரையறுத்த பொருள் இல்லை. அவருக்கு அது பத்தோடு பதினொன்றான ஒரு கோரிக்கை.

இன்று இதற்கு இரண்டு சொற்றொடர்களை வரையறுத்திருக்கிறார்கள். முதலில் இறுதிக் கையிருப்பு என்றால் என்ன என்று தெரிய வேண்டும்: ஜெட் விமானம் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிடத் தேவையான எரிபொருள். திட்டமிட்ட எந்தப் பயணத்திலும் தொடாமல் இறங்க வேண்டிய இருப்பு அது. "மினிமம் ஃபியூவல்" என்று விமானி சொன்னால், இனி தாமதம் ஏற்பட்டால் அந்தக் கையிருப்பில் கை வைக்க நேரும் என்று பொருள். இதற்கு முன்னுரிமை கிடையாது, இது முன்னறிவிப்பு. "மேடே, மேடே, மேடே, ஃபியூவல்" என்றால், அருகில் உள்ள தகுந்த நிலையத்தில் இறங்கினாலும் கையிருப்பு குறைந்துவிடும் என்று பொருள், இது அவசரநிலை.

அந்த அழைப்பைக் கேட்டதும் கட்டுப்பாட்டாளர் மற்றவர்களை ஒதுக்கி, ஓடுபாதைக்கு மிகக் குறுகிய வழியைத் திறந்துவிடுகிறார். பிறகு விமானியிடம் இரண்டு எண்களைக் கேட்கிறார்: இன்னும் எத்தனை நிமிடத்துக்கு எரிபொருள் இருக்கிறது, விமானத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்.